எலுமிச்சம்பழம் காட்டிய கோடு

நாகமணியைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஒரு வருஷமாக இந்த வட்டாரமே அவளைச் சாமியைக் கெடுத்தவள் என்று திட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமான ஆட்களில் முதல் ஆள் நான்தான். தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி, மூணாம் டிவிஷன் முனியாண்டி கோயில் கமிட்டியின் செயலாளர், மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன். ஆனாலும் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், மற்றதை மாற்றவில்லை.

ஜெராமிலிருந்து சுங்கை செம்பிலாங் போகும் பாதையில், செம்பனை முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் எங்கள் தாமான் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்காகக் கட்டிய மலிவு வீடுகள். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் அடுத்தடுத்து இருந்தவர்கள் இங்கேயும் அடுத்தடுத்துத்தான் இருக்கிறோம். பழைய சண்டைகளும் லோரியில் ஏறிக் கூடவே வந்துவிட்டன. நாகமணி வீடு எனக்கு எதிர்வீடு.

அவளுக்குப் பதினெட்டு வயதாக இருக்கும்போது அப்பா இறந்தார். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போய்விடுவாள். தம்பி தேவனுக்கு அப்போது பத்து வயது. அவனுக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, முதுகில் இரண்டு வைத்தது எல்லாம் அக்காதான். அந்த வருஷமே அவள் ஃபேக்டரி பஸ் ஏறிவிட்டாள். கைத்தொலைபேசிக்குள் இருக்கும் பச்சைப் பலகைகளைச் செய்கிற ஃபேக்டரி. செம்புத் தகடு ஒட்டிய பலகையை ஒரு பழுப்பு நிற ஆசிட்டில் முக்கி எடுத்தால், வேண்டாத செம்பு கரைந்துபோய், வேண்டிய கோடு மட்டும் நிற்கும். பதினோரு வருஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபேக்டரி வேறு நாட்டுக்கு மாறிப்போனபோது அவளிடம் மிச்சம் இருந்தது பழுப்பேறிய நகங்களும், எந்த உலோகம் எந்த ஆசிட்டில் எத்தனை நிமிஷம் தாங்கும் என்ற கணக்கும்தான்.

அவள் வீட்டுக்காரன் செல்வா லோரிப் பட்டறையில் வெல்டர். ஓய்வு நேரத்தில் வீட்டுப் பின்னால் பழைய லோரி ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சிக் கத்தி அடிப்பான். நல்ல கத்திகள்தான், ஆனால் சந்தையில் கிடக்கிற கத்திகளுக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் நாகமணி அவன் அடித்த கத்தி ஒன்றை கடையில் வாங்கிய அதே பழுப்பு ஆசிட்டில் இறக்கிப் பார்த்தாள். அது இரண்டு வகை இரும்பைச் சேர்த்து மடித்து மடித்து அடித்த கத்தி. வெளியே எடுத்தபோது, அலை இறங்கிய பிறகு கடற்கரைச் சேற்றில் வரிகள் வளைந்து வளைந்து கிடக்குமே, அந்த மாதிரிக் கோடுகள் கத்தி முழுக்க எழுந்து நின்றன. அன்றிலிருந்து கத்தியை முடித்துக் கொடுப்பது அவள் வேலையாயிற்று. கோலாலம்பூரிலிருந்து சீனர்களும் மலாய்க்காரர்களும் கார் போட்டுக்கொண்டு எங்கள் தாமானுக்கு வர ஆரம்பித்தார்கள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, முதலில் நீளவாக்கில் தேய்ப்பாள், அடுத்த நம்பர் தாளில் குறுக்குவாக்கில். முந்தைய கீறல் ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அசிட்டோனில் துடைப்பாள். அதற்கப்புறம் கையுறை இல்லாமல் தொடமாட்டாள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ஆசிட் பிடிக்காது, ரேகை அப்படியே பதிந்துவிடும். கத்தியைக் கம்பியில் கட்டி, நிமிர்த்தி வைத்த குழாய்க்குள் இறக்கி, ஏழு நிமிஷம் கண் இமைக்காமல் நிற்பாள். எடுக்கும்போது கரி பூசியது போல் இருக்கும். சமையல் சோடா கரைத்த வாளியில் முக்கினால் ஆசிட்டின் வேகம் அடங்கும். மெல்லிய தாளால் ஒரு தடவு தடவினால் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு தெளியும். கறுப்பு இன்னும் ஏறவேண்டும் என்றால் பாலில்லாத கெட்டிக் கோப்பி-ஓவில் ஊறப்போடுவாள்.

“எதிர்வீட்டுக்காரனுக்கு ஒரு கிளாஸ் கோப்பி கிடையாது, கத்திக்கு ஒரு சட்டி கலக்குறியா?” என்று கேலி செய்வேன்.

“உங்களுக்குச் சீனி வேணும்லாண்ணே. கத்தி சீனி கேக்காது,” என்பாள்.

கோடு மட்டுமா தெரியும்? கத்தியின் குறையும் அங்கேதான் தெரியும். சேராத இடம், மயிரிழை வெடிப்பு எல்லாவற்றிலும் ஆசிட் புகுந்து கறுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும். அப்படிக் காட்டிய கத்திகளை அவள் இரண்டாம் பேச்சில்லாமல் கழிவு இரும்பு போடும் தோம்பில் போட்டுவிடுவாள். செல்வா முணுமுணுப்பான். “பாலிஷ் பொய் சொல்லும். ஆசிட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது,” என்பாள் அவனிடம்.

இனிமேல் சொல்லப்போவது என் வண்டவாளம்.

எங்கள் முனியாண்டி கோயிலில் திருவிழாவன்று கத்தி ஏறுவது வழக்கம். மூன்றடிக் கத்தியைக் கூர் மேலே இருக்கும்படி இரண்டு பேர் இரண்டு பக்கமும் தோளில் தாங்கி நிற்பார்கள். சாமி வந்த ஆள் வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்வார். பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குச் சாமியாடி, நாகமணியின் தம்பி தேவன். பனங்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான், எண்பது கிலோ ஆள். போன வருஷம் பழைய கத்தியின் பிடி கழன்று ஆடியதால் புதுக் கத்தி செய்ய முடிவானது. செல்வாவிடம் கொடுக்கலாம் என்று தேவன்தான் சொன்னான். தலைவர் பாலன் சரி என்றார். பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு உத்தரவு போட்டேன்.

முதல் உத்தரவு, பழுக்கக் காய்ச்சிய கத்தியை எஞ்சின் எண்ணெயில் தோய்க்கக்கூடாது. கண்ட லோரியில் ஓடிய கறுப்பு எண்ணெய், அதில் சாமி கத்தியை முக்குவதா? கோயில் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளும் துளசியும் போட்டு, அதில்தான் தோய்க்கவேண்டும்.

செல்வா தயங்கினான். “இது ஸ்பிரிங் இரும்புண்ணே. தண்ணியில போட்டா வெடிச்சிரும்.”

“அந்தக் காலத்துல எல்லாம் தண்ணியிலதான்டா தோய்ச்சாங்க. உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?” என்று வாயை அடைத்துவிட்டேன். அந்தக் காலத்து இரும்பு வேறு, லோரி ஸ்பிரிங் வேறு என்பது என் மண்டையில் ஏறவில்லை. கிராணி வேலை பார்த்தவனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்?

இரண்டாவது உத்தரவு, ஆசிட் கூடாது. முகம் பார்க்கிற மாதிரிப் பளபளவென்று இருக்கவேண்டும்.

நாகமணி கெஞ்சினாள். “ஒரே ஒரு தடவ முக்கிப் பார்த்துட்டு, திரும்பப் பாலிஷ் போட்டுக் குடுத்திடறேண்ணே. தம்பி ஏறுற கத்தி. பார்க்காம எப்படிக் குடுக்கிறது?”

முடியாது என்றேன். இதற்கு மட்டும் எனக்கு ஒரு காரணம் உண்டு. ரப்பர் காலத்தில் மரத்துப் பாலை உறையவைக்க எல்லா ஸ்டோரிலும் ஆசிட் இருக்கும். லயத்தில் யாராவது மனம் உடைந்துபோனால் கை நீளுவது அதற்குத்தான். என் சின்னம்மா அப்படித்தான் போனாள், அப்போது எனக்குப் பத்து வயது. நாகமணி கத்தியை முக்கும்போதுகூட நான் எட்டி நின்றுதான் பார்ப்பேன். தோட்டத்தில் பிறந்த கமிட்டிக்காரர்கள் எல்லாருக்குமே ஆசிட் என்றால் அந்த நினைவுதான். சாமி கத்தியில் அது படுவதா என்று ஒரே குரலில் சொன்னோம்.

நாகமணி நான்கு நாள் தேய்த்தாள். கத்தி கண்ணாடி மாதிரி வந்தது. அதில் என் முகத்தைப் பார்த்துத் தலையைக்கூடச் சீவிக்கொண்டேன். திருவிழாவுக்கு எட்டு நாள் முன்பு அதைச் சாமி முன் வைத்துப் பூஜை போட்டு, கூர் நெடுக ஒன்பது எலுமிச்சம்பழங்களைக் குத்தி வைத்தோம். மூன்று நாள் அப்படியே இருந்தது. சாறு வழிந்து கத்தி முழுக்க ஓடியது.

பழங்களை எடுத்தபோது கண்ணாடி போய்விட்டிருந்தது. கத்தி சாம்பல் பூத்துக் கிடந்தது. நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி, முதுகிலிருந்து கூர்ப்பக்கம் நோக்கி வளைந்து வளைந்து இறங்கியது ஒரு கறுப்புக் கோடு.

“நாகம்!” என்று யாரோ கத்தினார்கள். உடனே எல்லாருக்கும் நாகமாகத் தெரிந்தது. எனக்கும்தான். புதுக் கத்தியில் முனியாண்டி வந்து இறங்கிவிட்டார் என்று தேங்காய் உடைத்தோம். படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டது நான்தான். மறுநாள் தஞ்சோங் காராங்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் படத்தை நாகமணியும் பார்த்திருக்கிறாள். கைத்தொலைபேசியில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நேராகச் செல்வாவிடம் போய், “தோய்க்கும்போது சத்தம் கேட்டுச்சா?” என்று கேட்டிருக்கிறாள். அவன் முதலில் இல்லை என்றானாம். பிறகு அழுதுவிட்டானாம். தண்ணீரில் இறக்கியவுடன் ‘டிங்’ என்று ஒரு சத்தம். மேலே ஒன்றும் தெரியவில்லை, சாமி காப்பாற்றும் என்று விட்டுவிட்டான்.

இதையெல்லாம் என் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். உள்ளே வா என்றாலும் வரவில்லை.

“எலுமிச்சம்பழமும் ஆசிட்டுதாண்ணே. நான் செய்ய வேண்டியத அது செஞ்சிருக்கு. அது நாகமும் இல்ல ஒண்ணும் இல்ல, வெடிப்பு. கத்தி உள்ளுக்குள்ள பாதி அறுந்து கெடக்கு. அவன் ஏறுனா நடுவுல முறியும். அந்த ரெண்டு முனைமேலயும்தான் அவன் விழுவான்.”

எனக்குக் கோபம் வந்தது. ஊரே கும்பிடுகிற நேரத்தில் இவள் வந்து வெடிப்பு என்கிறாள். “உன் வீட்டுக்காரன் வேலை சரியில்லைன்னு நீயே சொல்றியா?” என்றேன்.

“ஆமா, சரியில்லதான். சொல்றேன்லா?” என்றாள். பிறகு மெதுவாக, “என்னை நம்ப வேணாம். நீங்களே பாருங்க. அந்தக் கோட்டை நல்லா காய்ஞ்ச துணியால தொடச்சு விட்டுட்டு, நாளைக்கு வந்து பாருங்க. வெறும் கறைன்னா அப்படியே இருக்கும். வெடிப்புன்னா உள்ள போன சாறு துருவாக் கசியும், செவப்பா வரும்.”

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பூஜை போட்டபின் பெண்கள் அந்தக் கத்தியைத் தொடக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். அதனால்தான் என்னிடம் வந்தாள்.

துடைத்தேன். சத்தியமாகத் துடைத்தேன். மறுநாள் காலையில் போனேன். கோடு முழுக்கச் சிவப்பாகக் கசிந்திருந்தது.

அவள் சொன்ன அதே சிவப்பு. அப்போது பின்னால் நின்ற பாலன், “குங்குமம் சொரக்குது பாருங்கண்ணே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அரைமணி நேரத்தில் அந்தச் சிவப்பை விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ள வரிசை நின்றது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குங்குமமாகவே இருக்கட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானும் தொட்டு வைத்துக்கொண்டேன். என் நெற்றியில் இருந்தது துரு என்று எனக்குத் தெரியும்.

அவள் தம்பியிடமும் போயிருக்கிறாள். அவன் வீட்டு வாசலிலேயே கத்தினானாம். “நான் ஏறலேன்னா சாமி என்னை விட்டுப் போயிருச்சுன்னு சொல்லுவாங்க. என்னைக் கேவலப்படுத்தத்தான் வந்தியாக்கா?” தெருவே கேட்டது. அவள் திரும்பி வந்தாள். மிச்ச நாட்கள் அவள் வீட்டுப் பின்னால் உப்புத்தாள் சத்தம் கேட்கவே இல்லை.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. பால்குடம் எடுத்த பெண்கள் வரிசையாகச் சாமி முன் வந்து பாலை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்கள் பீடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வருவது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். கத்தி பீடத்தின்மேல் மாலையோடு கிடந்தது. தேவன் மஞ்சள் துண்டு கட்டி, விபூதி பூசி, கண்ணை மூடி ஓரமாக நின்றான். உறுமி இன்னும் வேகம் பிடிக்கவில்லை.

வரிசையில் நாகமணியும் வந்தாள். மஞ்சள் புடவை, தலையில் குடம். பாலை ஊற்றினாள். குடத்தைத் தரையில் வைத்தாள். யாரும் என்ன ஏது என்று நினைப்பதற்குள் கத்தியைப் பிடியோடு எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி, பீடத்தின் சிமெண்டு விளிம்பில் தட்டையாக அடித்தாள்.

ஒரே அடி. கத்தி அந்தக் கோட்டில் இரண்டாக முறிந்தது. முனைத் துண்டு தெறித்து வந்து என் காலடியில் விழுந்தது.

உறுமி நின்றுவிட்டது. நாகமணி தம்பியைப் பார்த்து, “இதுலயா ஏறப் போற?” என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அதற்குள் பாய்ந்துவிட்டார்கள். முடியைப் பிடித்து இழுத்தது யார், அடித்தது யார் என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். செல்வா குறுக்கே விழுந்து அவளை மீட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். பால்குடம் அங்கேயே கிடந்தது.

நான் குனிந்து துண்டை எடுத்தேன். முறிந்த முகத்தைப் பார்த்தேன். புதிதாக முறிந்த இரும்பு வெள்ளையாக மின்னவேண்டும். இதில் கூர்ப்பக்கம் விரல்நகம் அளவுக்குத்தான் வெள்ளை. மிச்சம் முக்கால்வாசியும் கறுப்பும் துருவுமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் இறக்கிய அன்றே அறுந்துபோன கத்தி. எண்பது கிலோ என்ன, ஒரு கோழி ஏறி நின்றாலும் முறிந்திருக்கும்.

கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டி, “பாருங்கடா” என்று நான் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். முறிந்த இரும்பைத் தோள் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். பழைய கத்தியைக் கொண்டுவந்தார்கள், உறுமி அடித்தார்கள், தேவன்மேல் சாமி வரவில்லை. பழி முழுக்க நாகமணி தலையில் விழுந்தது. பெண் தொட்டதால் தீட்டு, ஆசிட்டோடு புழங்கும் கை வேறு. தாமானில் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். தேவன் அன்றிலிருந்து அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஒரு வருஷம் அந்தத் துண்டு என் அலமாரியில் கிடந்தது. மறுபடியும் திருவிழா வரப்போகிறது, வெளியூரில் புதுக் கத்திக்குச் சொல்லியாயிற்று. போன வாரம் மனது கேட்காமல் துண்டை எடுத்துக்கொண்டு தேவனைத் தேடிப் போனேன். எண்ணெய் ஆலைக்கு வெளியே லோரி வரிசையில் இருந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்து துணியை விரித்துக் காட்டினேன்.

அவன் தொடவில்லை. “தெரியும்ணே. அன்னிக்கு உங்க கையில இருந்தப்பவே பார்த்தேன்.”

“பார்த்தியா? பார்த்துட்டுமாடா அக்கா வீட்டுக்குப் போகாம இருக்க?”

ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினான். “கத்தி உடைஞ்ச சத்தம் கேட்டதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுண்ணே. அப்பாடா, இன்னிக்கு ஏற வேணாம்னு. பன்னெண்டு வருஷமா பயந்துக்கிட்டுதான் ஏறுறேன். சாமி வந்தவன் பயப்படுவானா? இத வெச்சுக்கிட்டு எப்படி அவ மூஞ்சியப் பார்க்கிறது? அவ அடி வாங்குறப்பவும் நான் சும்மாத்தான நின்னேன்.”

“இந்த வருஷம்?”

“கமிட்டி சொன்னா ஏறுவேன்.”

லோரி வரிசை நகர்ந்தது. நான் இறங்கிவிட்டேன். கமிட்டி என்றால் யார்? நானும் பாலனும் இன்னும் நாலு பேரும்.

அங்கிருந்து நேராக நாகமணி வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷத்தில் முதல் தடவை. பின்னால் மீன் வெட்டும் கத்தி ஒன்றைச் சோடா வாளியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். துண்டை அவள் முன் வைத்து, துடைத்ததையும் சிவப்பைப் பார்த்ததையும் ஒளித்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் நான், எப்படியோ கேட்டேன். தேவன் சொன்னதையும் சொன்னேன். அவள் திடுக்கிடுவாள் என்று நினைத்தேன்.

“அது தெரியும்ணே,” என்றாள். “சின்னதுல இருந்தே அவனுக்குப் பயம் வந்தா கால் கட்டைவெரல மடக்குவான். ஊசி போடப் போனாலும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் ஏறப்போறப்ப அந்த வெரலத்தான் பார்த்துக்கிட்டு நிப்பேன். ஒரு வருஷம்கூட அது நிமிர்ந்து இருந்ததில்ல.”

பன்னிரண்டு வருஷமும் நாங்கள் எல்லாரும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டிக் கூட்டத்தில் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடப்போகிறேன் என்றேன். கிணற்றுத் தண்ணீர், துரு, எல்லாவற்றையும்.

அவள் அவசரமாகக் கையுறையைக் கழற்றினாள். “வேணாம்ணே. அதையெல்லாம் சொன்னா, கத்திதான் கோளாறு, நல்ல கத்தி வந்திருச்சு, ஏறுன்னு சொல்லுவாங்க. அவன் பயந்தான்னும் சொல்லிடாதீங்க, தலை தூக்க முடியாது அவனால. நான் தொட்டுத் தீட்டாக்கிட்டேன், அதனால சாமி இனிமே கத்தி வேணாம்னு கோவிச்சுக்கிச்சுன்னு சொல்லுங்க. அது போதும். அவங்க நம்புவாங்க.”

நம்புவார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.